ஒலித்தகட்டுச் சூத்திர விருத்தி

இருமலும் இருக்கையும் இரயிலும் வெடியும்
திருந்தக் கேட்டலே தகட்டின் பயனே;
இசையும் உண்டேல் இழுக்கின் றென்ப.

இஃது என் நுதலிற்றோ எனின், மேற்கத்திய சிம்பொனி இசையை உயர்தரக் குறுந்தகட்டில் கேட்கும் ஆடியோஃபைல் என்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘இசையைத்தானே கேட்பார்?’ என்று வினவுவோர் இத்துறைக்குப் புதியவர். அவர்கள் கடைசி வரிசையில் அமர்க.

வைப்புமுறையில் இறுதியில் நின்ற வெடியை முதலில் எடுத்துக்கொள்கிறோம். என்னை? இத்துறைக்கு அதுவே தாயாகலின். ரஷ்யரான சைக்கோவ்ஸ்கி 1880இல் எழுதிய ‘1812 ஓவர்ச்சர்’ என்னும் உருப்படியில் 16 முறை பீரங்கி வெடிக்க வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே இருக்கிறது. அரங்கத்துக்குள் பீரங்கியை இழுத்துவர முடியாதவர்கள் பெரிய முரசை அறைந்து ஒப்பேற்றினார்கள். 1978இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த டெலார்க் நிறுவனம், எரிக் கன்செல் நடத்திய சின்சினாட்டி சிம்பொனியைக் கொண்டு இதைப் பதிவு செய்தபோது அந்தக் குறை தீர்ந்தது. பீரங்கி நிஜப் பீரங்கி. பதிவுக் கருவியோ தாமஸ் ஸ்டாக்ஹாமின் சவுண்ட்ஸ்ட்ரீம். நொடிக்கு 50,000 மாதிரிகளை எடுத்து ஒலியை எண்ணாக்கும் டிஜிட்டல் இயந்திரம். அதிலிருந்து வெட்டிய எல்.பி. இசைத்தட்டில், வெடி விழுந்த இடங்களில் வரிப்பள்ளம் தாறுமாறாக நெளிவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். பல வீடுகளில் ஊசி அங்கே வந்ததும் துள்ளிக் குதித்து வேறு வரிக்குத் தாவிவிடும். ஊசி துள்ளாத வீட்டுக்காரர் அதைச் சொல்லிக்காட்டவே விருந்து வைப்பார்.

1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. லேசர் ஒளிக்குத் துள்ளத் தெரியாது. ஆகவே ஆபத்து ஸ்பீக்கருக்கு இடம் மாறியது. சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள் என்று எச்சரிக்கை அச்சிட்டே ‘1812’இன் தகட்டை விற்றார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரத்தை இத்துறை இன்றுவரை கண்டதில்லை. அதே தகட்டில் ‘கப்ரிச்சோ இத்தாலியன்’ என்ற அருமையான உருப்படியும் இருக்கிறது. அதில் எதுவும் வெடிக்காது. ஆகையால் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இனி ரயில். லண்டனில் 1912இல் மெதடிஸ்ட் சபையார் கட்டிய கிங்ஸ்வே ஹால், சிம்பொனி ஒலிப்பதிவுக்குப் பெயர்போன இடமாக இருந்தது. டெக்கா, இ.எம்.ஐ. நிறுவனங்கள் இரண்டுமே அங்கே ஏராளமாகப் பதிவு செய்தன. அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு சிறப்புக் குறை: அடியில் பிக்காடில்லி தடத்துச் சுரங்க ரயில் ஓடும். வயலின்கள் மூச்சடக்கி இழையும் இடத்தில் கீழேயிருந்து ஓர் உறுமல் எழும். ஒலிப்பதிவாளர்களுக்கு அது தலைவலி. ஆடியோஃபைலுக்கோ அது உரைகல். சாதாரண ஸ்பீக்கரில் ரயில் கேட்காது, நல்லதில் வரும், மிக நல்லதில் பெட்டிகளை எண்ணலாம் என்று உரிமையாளர் சாதிப்பார். எவர் வீட்டில் ரயில் ஓடுகிறதோ அவரே தலைமாணாக்கர்.

இங்கே ஒரு கடா எழும். சான்-சான்ஸ் 1886இல் இயற்றிய மூன்றாம் சிம்பொனியில் பைப் ஆர்கன் வருகிறது. ஆர்கன் குழல்களில் 32 அடி நீளமுள்ளவற்றின் அடிநாதம் நொடிக்கு 16 அதிர்வுகளை ஒட்டியது. மனிதச் செவிக்கு 20க்குக் கீழே சுரம் சுரமாகக் கேட்பதில்லை, நெஞ்சுக்கூடுதான் உணரும். ஆயின் நெஞ்சு அதிரும்போது அது ஆர்கனா, ரயிலா என்று அறிவது எங்ஙனம்? விடை: தகட்டின் உறையைப் பார்த்துப் பதிவான ஊரை அறிந்துகொள்க. செவியால் அறிய முயல்வது முறையன்று.

இருமலுக்கும் இருக்கைக்கும் நீண்ட உரை வேண்டியதில்லை. இரண்டும் ஓரினம், பொதுப்பெயர் ‘அரங்கம்’. 1951இல் மெர்க்குரி நிறுவனத்தின் ராபர்ட் ஃபைன், குபேலிக் தலைமையில் சிகாகோ சிம்பொனி வாசித்த முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்க’ளை ஒற்றை மைக்கை மட்டும் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். இசைக்குழுவோடு அரங்கத்தையும் சேர்த்தே பிடிக்கும் முறை அது. பிற்காலத்தில் அவர் மனைவி வில்மா கோசார்ட் ஃபைன் தாமே முன்னின்று மெர்க்குரிப் பதிவுகளைக் குறுந்தகட்டுக்கு மாற்றினார். கேலியை ஒரு கணம் நிறுத்திச் சொல்கிறேன், அவை அழகான தகடுகள். நிற்க. கச்சேரி இடைவேளையில் அடக்கிவைத்த இருமல் இடப்பக்க மூன்றாம் வரிசையிலிருந்து வந்ததா, நான்காம் வரிசையிலிருந்தா என்று தீர்ப்பளிப்பவரே இருமலியலில் தேர்ந்தவர் ஆவார்.

‘திருந்த’ என்ற சொல்லுக்குத் தகட்டைத் திருத்தி என்றும் பொருள் கொள்க. 1990களின் தொடக்கத்தில் தகட்டின் விளிம்புக்குப் பச்சை மை பூசும் வழக்கம் பரவியது. சிதறும் லேசர் ஒளியைப் பச்சை உறிஞ்சிவிடும் என்பது கொள்கை. லேசரோ 780 நானோமீட்டர், கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு. பூசியவர்கள் அதற்காக மனம் தளரவில்லை. சிலர் தகட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தார்கள். அலுமினியத்துக்குப் பதில் 24 காரட் தங்கம் பூசியவை வந்தன. 2008 வாக்கில் ஜப்பானியர், எல்.சி.டி. திரைக்கென உருவான பாலிகார்பனேட்டில் வார்த்த எஸ்.எச்.எம். தகட்டைக் கொணர்ந்தனர்.

‘எல்லாத் தகட்டிலும் இருப்பது ஒன்றும் பூஜ்யமும்தானே? 1960இல் ரீடும் சாலமனும் வகுத்த பிழைதிருத்தக் கணிதத்தால், 2.5 மில்லிமீட்டர் கீறல் விழுந்தாலும் போன எண்கள் அப்படியே மீட்கப்படுமே? அதே எண் வந்தால் அதே ஒலிதானே?’ எனின், அற்றன்று. அதே எண்தான், தங்கத்திலிருந்து வரும் பூஜ்யம் கூடுதல் உருண்டை.

இதைச் சோதிக்கப் புறப்பட்டவர்களும் உண்டு. 2007இல் பாஸ்டன் வட்டாரத்தைச் சேர்ந்த மேயர், மோரன் இருவரும், நுண்மை மிகுந்த சூப்பர் ஆடியோ தகட்டின் ஒலியை நேராகவும், சாதாரணக் குறுந்தகட்டுத் தரத்துக்குச் சுருக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. பூவா தலையா போட்டிருந்தால் 277 எதிர்பார்க்கலாம். நாணயத்தைவிட மனிதச் செவி ஒரே ஒரு மதிப்பெண் குறைவு என்பது ஊக்கமளிக்கும் முடிவே.

செவியின் வயதும் ஆராயத்தக்கது. குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது; அதனால் 20,000 அதிர்வு வரை தாராளமாகத் தரும். அந்த உச்சம் சிறுவர்களுக்குக் கேட்கும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர்க்கு 15,000கூட எட்டாது. கருவி வாங்கும் வசதியோ ஐம்பதில்தான் வருகிறது. கேட்கக்கூடிய சிறுவர்களுக்கு அந்த அறைக்குள் நுழைய அனுமதி இல்லை.

‘இசையும் உண்டேல்’ என்னும் உம்மை இழிவு சிறப்பும்மை. தகட்டின் அளவையே இசைதான் தீர்மானித்தது, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுவதும் அடங்க வேண்டும் என்றே 12 செ.மீ., 74 நிமிடம் ஆனது என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பிலிப்ஸ் பொறியாளராக இருந்த கீஸ் இம்மிங்க் அதை ஏற்பதில்லை. 11.5 செ.மீ. தகட்டுக்கான ஆலை பிலிப்ஸ் தரப்பில் ஏற்கெனவே இருந்தது, அளவை மாற்றினால் அந்த முந்துரிமை போய்விடும் என்று கூட்டாளியான சோனி கணக்குப் போட்டது என்கிறார். ஆக, இசைக்கென்று இருந்த ஒரே சான்றும் வணிகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

புறனடை: சிம்பொனியில் வாசிக்கும் கலைஞர்கள் இவ்வதிகாரத்துள் அடங்கார். அவர்களிற் பலர் பழைய டேப் ரெக்கார்டரிலும் கார் ரேடியோவிலும் கேட்டுவிட்டு, இரண்டாம் இயக்கத்தில் ஓபோ நன்றாக வாசித்தான் என்பார்கள். ரயிலைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இல்லாதவராகலின், இசை குறித்து அவர் கூற்று சான்றாகக் கொள்ளப்படாது.