சாவி மேனேஜரிடம்

பெறுநர்: பன்மாடி அலுவலக வளாகத்தின் மாண்புமிகு பராமரிப்பு நிர்வாகம்.
பொருள்: தானியங்கிக் கட்டடத்தில் கையால் இயக்கும் உரிமை – விளக்கம் – தொடர்பாக.

தானியங்கிக் கட்டடத்தின் மோட்டார் பேனலில் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று உண்டு: மேனுவல், ஆஃப், ஆட்டோ. ஆட்டோவில் வைத்தால் மோட்டார் கன்ட்ரோலரின் பேச்சைக் கேட்கும். மேனுவலில் கேட்காமல் ஓடும். பெல்ட் மாற்றிய பின் ஓட்டிப் பார்க்கவும், கன்ட்ரோலர் படுத்துவிட்ட நாளில் சமாளிக்கவும் வைத்த தற்காலிக வசதி இது. நிர்வாகத்தின் வளாகத்திலோ இதற்கு நிரந்தரப் பட்டாவே கிடைத்துவிட்டது. ஒரு மே மாத மதியம் விருந்தினர் ஒருவருக்காக மூன்றாம் மாடி ஏ.சி. ஃபேன் மேனுவலுக்குப் போனது. விருந்தினர் அன்று மாலையே ஊர் திரும்பினார், சுவிட்ச் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலி நாற்காலிகளுக்கு வியர்க்காமல் ஃபேன் பார்த்துக்கொள்கிறது. கன்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் அது நின்றே இருக்கிறது. மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும் கரன்ட் சென்சாரைச் சிக்கன நடவடிக்கையில் நீக்கிவிட்டதால் திரைக்கும் ஃபேனுக்கும் தகராறு எழ வழியில்லை.

திரையிலிருந்தே இடும் கை ஆணை இன்னும் நுட்பமானது. ஏ.சி. பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு 1995-இல் வெளியிட்ட, கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேக்நெட் தரம், ஒரு கருவிக்கு வரும் ஆணைகளை 16 படிகளில் அடுக்குகிறது. எண் சிறுத்தால் அதிகாரம் பெருகும். அலுவலகம் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. இயக்குபவரின் கை ஆணைக்கு 8-ஆம் படி. கால அட்டவணை பெரும்பாலும் 16-இல், கடைநிலை ஊழியராக. 8-இல் 'ஓடு' என்றிருந்தால், 16 இரவெல்லாம் 'நில்' என்று கத்தினாலும் செல்லாது. 8-இல் 'நில்' என்று மாற்றி எழுதுவதும் தீர்வல்ல, அது இன்னோர் ஆணை. அந்தப் படியையே வெறுமையாக்கினால்தான் கீழே உள்ளவர் வாய்திறக்க முடியும். ஆணையிட்ட டெக்னீஷியன் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் ஆணை விடுப்பே எடுக்காமல் பணியில் தொடர்கிறது.

முதல் படி யாருக்கு என்பதை நிர்வாகம் கவனித்திருக்காது. உயிர்காப்புக்காக மனிதர் கையால் இடும் ஆணைக்கு. உயிர்காக்கும் தானியக்கத்துக்கே இரண்டாம் இடம்தான். எந்த மாடிப் புகையை எப்படி வெளியேற்றுவது என்பதைத் தீயணைப்பு வீரர் முடிவுசெய்யும்போது கணினி குறுக்கே வரக்கூடாது. அதனால்தான் புகைபோக்கி ஃபேன்களின் சுவிட்சுகள் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். லிஃப்டின் தீயணைப்போர் சுவிட்ச் தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். உடைத்து இயக்கினால் லிஃப்ட் மற்ற அழைப்புகளைப் புறக்கணித்துக் கீழே இறங்கும். மின்காந்தப் பூட்டுள்ள வெளியேறும் கதவு, மின்சாரம் போனால் திறந்துகொள்ள வேண்டும்.

இம்மூன்றையும் நிர்வாகம் மேம்படுத்தியுள்ளது: சுவிட்ச் பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டு, லிஃப்ட் கண்ணாடியின் முன் செயற்கை மூங்கில் தொட்டி, கதவுக்கு யு.பி.எஸ். பூட்டின் சாவி மேனேஜரிடம். மேனேஜர் மாலை 6 மணிக்கு மேல் தாம்பரம் ரயிலில்.

மேனுவலில் கிடக்கும் சுவிட்சுகள், 8-ஆம் படியில் தங்கிவிட்ட ஆணைகள் ஆகியவற்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் காலாவதி நேரம் குறித்து, அனுப்பிவைக்கக் கோரப்படுகிறது.

நகல்: மூங்கில் தொட்டி ஒப்பந்ததாரர், தகவலுக்காக.