ரத்தத்தில் சரி, எலும்பில்?

கேள்வி: பாலை நிறுத்திப் பல வருஷமாகிறது. ஆனாலும் ரத்தத்தில் கால்சியம் 9.2. எலும்பும் கெட்டிதானே?

பதில்: அந்த எண் ரத்தத்துக்கு மட்டும்தான் ஜாமீன். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளி. ஆனால் அந்தத் துளி குறைந்தால் தசை இழுக்கும், இதயம் தடுமாறும். அதனால் எலும்பைக் கரைத்தாவது 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் நிறுத்திவிடும் உடம்பு. நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிற வீட்டில் கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார், பெட்டிதான் காலியாகும். எலும்பின் நிலை தெரிய டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். ராகியையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குறைகிறது, கூடுகிறது என்று கண்டுபிடிப்பது யார்?

பதில்: கழுத்தில், தைராய்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் அரிசி பருமன்தான். அவற்றின் செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் புரதம் இருக்கிறது. 1993-ல் எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் அதை அடையாளம் காட்டினார்கள். கால்சியம் வந்து ஒட்டினால் சுரப்பி அடங்கும். வரத்து குறைந்தால் நிமிடங்களில் பி.டி.எச். ஹார்மோன் கிளம்பும். அது எலும்பிலிருந்து எடுக்கும், சிறுநீரில் வீணாவதைத் தடுக்கும், விட்டமின் டி-யை முடுக்கிக் குடலையும் உறிஞ்சவைக்கும்.

கேள்வி: இவ்வளவு சிறியதை முதலில் யார் பார்த்தார்?

பதில்: காட்டிக்கொடுத்தது ஒரு காண்டாமிருகம்! லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் கண்ணில் பட்டது. மனித உடலில் இதை 1880-ல் விவரித்தவர் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அப்போது அவர் உப்சாலாவில் மருத்துவ மாணவர்.

கேள்வி: தைராய்டு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் இழுப்பு. கழுத்துக் காயத்தாலா?

பதில்: இன்றே டாக்டரிடம் போங்கள். பக்கத்துச் சுரப்பிகள் அடிபட்டுக் கால்சியம் இறங்கியிருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்குக் கால்சியம் 11.4. வயதானவர்களுக்குக் கூடுதலாக இருப்பது நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல. பி.டி.எச். அளவையும் பாருங்கள். கால்சியம் ஏறும்போது அது அடங்கியிருக்க வேண்டும்; அடங்காவிட்டால் பெரும்பாலும் ஒரு சுரப்பியில் கட்டி. கல் அடைப்பு, எலும்புத் தேய்மானம், மலச்சிக்கல், அசதி எல்லாவற்றையும் "வயசாயிடுச்சு" என்று நாம் தள்ளிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட கட்டியால்தான் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு எலும்பு கரைந்து உயரமே குறைந்தது. ஆறு ஆபரேஷனில் கிடைக்காத கட்டி, 1932-ல் பாஸ்டனில் ஏழாவது ஆபரேஷனில், நெஞ்சுக்குள் அகப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, அவர் பிழைக்கவில்லை. இன்று ஸ்கேன் இருக்கிறது, கட்டியை எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கத்திக்கு முன் 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சில குடும்பங்களில் அந்த உணரும் புரதமே பிறவியிலேயே மந்தம். கால்சியம் கூடியே இருக்கும், சிறுநீரில் மட்டும் குறைவாகப் போகும். அவர்களுக்கு ஆபரேஷன் வேண்டியதில்லை.