பேனா மூடிப் பிரியர்

நம்மவரின் ஸ்கூட்டர் சாவி காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வண்டிக்குப் போகும். மிச்ச நேரமெல்லாம் அதற்குக் காதில்தான் வேலை.

சாவி இல்லாவிட்டால் தீக்குச்சி. அதுவும் இல்லையென்றால் மனைவி வளையலில் கோத்திருக்கும் ஊக்கு. ஆபீஸில் மட்டும் அடுத்தவர் பேனாவின் மூடி. “சார், ஒரு நிமிஷம்” என்பார். கையெழுத்துக்குத்தானே என்று கொடுத்துவிடுவார்கள். எழுதுகிற பாகம் மேஜையில் கிடக்கும். மூடியின் கொக்கி உள்ளே போகும். ஒரு கண் சொருகும், வாய் கோணும், கழுத்து சாயும். எதிரே மனு நீட்டியவர் நீட்டியபடியே நிற்பார். பிறகு இரண்டு இருமல். “தூசி” என்பார். தூசியுமில்லை, மண்ணுமில்லை, வேகஸ் நரம்பின் கிளையொன்று காதுக்குழாய்த் தோலுக்கும் வருகிறது, அதைச் சீண்டினால் சிலருக்கு இருமல் வரும். கடைசியில் கொக்கியை வெளிச்சத்தில் பிடித்து, நகைக்கடைக்காரர் மாற்றுப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். துடைப்பது மேஜைக்கு அடியில்.

சுத்தம் செய்கிறாராம்! குறும்பி அழுக்கே அல்ல, காதுக்குக் காவல். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைய அசையத் தானே வெளியே நகரும். நம்மவர் பேசுகிற பேச்சுக்கு அவர் காது என்றைக்கோ பளிச்சென்று ஆகியிருக்க வேண்டும். குடைந்தால் அது உள்ளேதான் போய் அடைக்கும். குழாய் சுமார் 2.5 செ.மீ.; அதன் கடைசியில் செவிப்பறை, கனம் 0.1 மி.மீ., ஒரு தாள் அளவு. போகிறவர் முழங்கை பட்டால் போதும்.

“நான் பட்ஸுக்கு மாறிட்டேனே” என்பார். இங்கிலாந்தில் 31 வயதுக்காரர் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். அவர் காதுக்குள் என்றோ கழன்று தங்கிய பட்ஸ் பஞ்சு. அதிலிருந்து கிளம்பிய தொற்று மண்டையோட்டின் அடிவரை பரவி, மூளையுறையை ஒட்டிச் சீழ்க்கட்டிகள். கோவென்ட்ரி மருத்துவர்கள் 2019இல் இதை எழுதினார்கள். ஆள் பிழைத்தது ஆண்டிபயாடிக் புண்ணியத்தில்.

நம்மவருக்குச் சர்க்கரை வேறு. வயதான சர்க்கரைக்காரர் காதில் ஒரு கீறல் விழுந்தாலே சூடோமோனாஸ் கிருமி எலும்புவரை இறங்கலாம். முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளவும் செய்யும்.

போன மாதம் அவர் காதில் சீழ் வந்தது. டாக்டரிடம் திட்டு வாங்கி, ஒரு வாரம் பஞ்சடைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் உடம்போடு திரும்பிப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள், “சார், ஒரு நிமிஷம்.”

பேனாவைக் கொடுங்கள். மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொடுங்கள்.