புயலும் மின்சாரமும்

கேள்வி: புயல் வருமுன்பே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்களே, மின்துறைக்குக் காற்றென்றால் அவ்வளவு பயமா? இன்வெர்ட்டர் வாங்கினால் கவலை தீருமா? (வாசகர், குருசுக்குப்பம்)

பதில்: பயம்தான், அது நமக்கு நல்ல பயம். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் மரங்களோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’, புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குச் சற்றே குறைவான மழையைக் கொட்டியது. அறுந்த கம்பியும் தேங்கிய தண்ணீரும் சந்திக்கும்போது நடுவில் மின்சாரம் இருக்கக் கூடாது. இருட்டில் இடறினால் தைலம் தடவலாம். ஷாக்குக்குத் தைலம் கிடையாது. ‘கம்பிகளைப் பூமிக்குள் புதைக்கலாமே?’ என்பீர்கள். காற்றுக்கு அது முழு பதில், வெள்ளத்துக்குப் பாதி பதில். தெருவோர மின்பெட்டிக்குள் தண்ணீர் ஏறினால் புதைத்த கம்பிக்கும் விடுமுறைதான்.

இன்வெர்ட்டர் சில மணி நேரத்துக்கான நண்பன். ‘தானே’ தந்த இருட்டோ பல இடங்களில் நாள்கணக்கில் நீடித்தது. தவிர, மின்வெட்டில் முதலில் தவிக்க வைப்பது விளக்கல்ல, மோட்டார். மெழுகுவத்தியில் சாப்பிடலாம், குளிக்க முடியாது. எனவே எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்புங்கள், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுங்கள், பேட்டரியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஜெனரேட்டர் உள்ளவர்கள் அதை வீட்டுக்கு வெளியே வைக்கட்டும். புகை உயிரைக் குடிக்கும். மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு இணைப்பில் செருகினால், உங்கள் மின்சாரம் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தேடிப் போகும். பிறகு யார் வந்து கரண்ட் கொடுப்பார்?