தோட்டத்துக் கல்ரோட்டில் ஷொக் போர்க்கின் தகுதிப்பாடு: ஒரு விசாரணை

மலைச் சைக்கிளின் ஷொக் போர்க் தளர்ந்துவிட்டால் அதற்குப் பதிலாக எதைப் பூட்டுவது என்ற வினாவை இதுவரை இரு தரப்பார் மட்டுமே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். முன்னவருக்கு ஆய்வு தொடங்கும் முன்பே விடை தெரியும். பின்னவருக்குத் தன் சட்டைப்பையில் இருப்பது தெரியும். இருவரும் கையாளும் ஆய்வுமுறை ஒன்றுதான்: வண்டியைக் கடையின் சீமெந்துத் தரையில் நிறுத்தி, ஹேண்டிலை இரு கையாலும் அமுக்கி விடுவது. போர்க் இறங்கி ஏறினால் நல்லது. விட்ட பிறகும் இன்னொரு தரம் துள்ளினால் மிக நல்லது. இம்முறையில் உள்ள குறை ஒன்றே ஒன்று. அந்தத் தரையில் சரிவு இல்லை, கல் இல்லை, அதில் யாரும் பிரேக் பிடிப்பதும் இல்லை. 2022ஆம் ஆண்டின் நடுவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் போனபோது, நாடெங்கும் சைக்கிள் வாங்கியவர்கள் ஏராளம். அப்போது வாங்கிய வண்டிகளின் போர்க்குகளுக்கு இப்போது ஓய்வுபெறும் வயது. ஆகவே விடயத்தை முறையாக விசாரிக்கலாம். இங்கே நிறுவ முற்படுவது இதுதான்: ஊவாத் தோட்டப் பாதைகளில் அன்றாடம் ஓடும் சைக்கிளில், தளர்ந்துபோன மலிவு ஷொக் போர்க்குக்கு வாரிசாக வரவேண்டியது இன்னொரு ஷொக் போர்க் அல்ல, ஷொக்கே இல்லாத வெறும் இரும்புப் போர்க்.

முதற் சான்று புவியியல் சார்ந்தது. மலையக ரயில் பாதையை அமைத்தவர்கள் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் செங்குத்தாக ஏற மாட்டோம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். அந்த வரம்பைக் காப்பாற்றுவதற்காகத் தெமோதரையில் பாதையை முழு வட்டமாகச் சுற்றி, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து கொண்டுபோனார்கள். 1894இல் பண்டாரவளைக்கு வந்த ரயில் பதுளையை அடைந்தது 1924இல். இடையில் 30 ஆண்டுகள். சரிவுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் ரயில்வேக்காரர் மட்டுமே. தோட்டத்து ரோட்டைப் போட்டவர்களுக்கு அப்படி எந்த வரம்பும் இருக்கவில்லை. பெக்டரிக்குக் கொழுந்து போய்ச் சேர்ந்தால் போதும். ஸ்பிரிங்வெலியிலும் கோணக்கலையிலும் மடுல்சீமையிலும் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் கிளைப்பாதைகளில் 8 அடிக்கு 1 அடி என்ற சரிவைக் கண்டு யாரும் அதிசயிப்பதில்லை. பாகையில் சொன்னால் அது சுமார் 7. இந்தச் சரிவில் ஒரு முடக்குக்கு முன்னால் பிரேக்கை இறுக்கினால், ஆளின் பாரமும் ஹேண்டிலில் தொங்கும் சம்பள நாள் சாமான் பையின் பாரமும் முன்சில்லுக்கு வந்து சேர்கின்றன. 100 மில்லிமீற்றர் அமுங்கக்கூடிய மலிவு ஸ்பிரிங் அந்த இடத்தில் 60 மில்லிமீற்றர் உள்ளே போவதாக வைத்துக்கொள்வோம். இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் ஒரு மீற்றருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் வண்டியின் மூக்கு இன்னும் 3 பாகை தாழ்கிறது. 8க்கு 1 ஆக இருந்த சரிவு, ஓட்டுபவரைப் பொறுத்தவரை ஐந்தரைக்கு 1 ஆகிவிடுகிறது. ஊவாவில் இருக்கிற சரிவு போதாதென்று, காசு கொடுத்து வாங்கிய போர்க் கூடுதலாகக் கொஞ்சம் சரிவை உற்பத்தி செய்து தருகிறது. அதோடு ஹேண்டிலின் சாய்வும் நிமிர்ந்து, முன்சில்லு தொட்டால் திரும்பும் நிலைக்கு வருகிறது. முடக்கில் வேண்டாத குணம் அது.

இதற்கு ஷொக் போர்க் என்ற கண்டுபிடிப்பைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. மோட்டோகுரொஸ் பந்தய மோட்டார் சைக்கிள்களில் வேலை பார்த்த போல் டர்னர் 1989இல் அமெரிக்காவில் ரொக்ஷொக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி வெளியிட்ட முதல் போர்க், காற்றும் எண்ணெயும் சேர்ந்து இயங்கியது. அமுங்கும் தூரம் 50 மில்லிமீற்றருக்குள். காற்று தாங்கும், எண்ணெய் சிறு துளை வழியாக மெல்ல நகர்ந்து, போன வேகத்தில் திரும்பிவர விடாமல் பிடிக்கும். இந்த இரண்டாவது வேலைதான் ஷொக்கின் உயிர். மலிவு வண்டிகளுக்கு இந்தக் கருவி இறங்கி வந்தபோது வழியில் எண்ணெய் ஒழுகிப்போய், ஸ்பிரிங் மட்டும் வந்து சேர்ந்தது. கல்லில் ஏறியதும் அது அமுங்குகிறது. வாங்கிய அடியை வட்டி கழிக்காமல் அடுத்த கல்லுக்கு முன் திருப்பித் தருகிறது. சீமெந்துத் தரையில் 'மிக நல்லது' என்று புள்ளி பெற்ற அந்த இரண்டாம் துள்ளல், கல்ரோட்டில் முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கிவிடும் துள்ளலேதான். நிலத்தைத் தொடாத சில்லில் பிரேக் பிடித்துப் பயனில்லை.

வெறும் போர்க்கை ஆதரிப்போர் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஒன்றை இங்கே நிராகரித்தாக வேண்டும். மலிவு ஷொக் போர்க் இரண்டரைக் கிலோ, வெறும் இரும்புப் போர்க் ஒரு கிலோ. ஆகவே ஏற்றத்தில் மிச்சம் பெரிது என்பார்கள். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பண்டாரவளை சுமார் 1,230. அந்த 550 மீற்றருக்கு ஒன்றரைக் கிலோவை மேலே கொண்டுபோக ஆகும் வேலை ஏறக்குறைய 8,000 ஜூல். உடம்பு உண்பதில் நாலில் ஒரு பங்குதான் மிதிக்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டாலும் செலவு 8 கலோரி. இது ஒரு பிளேன்டீயில் போடும் சீனியில் அரைத் தேக்கரண்டி. அரைக் கரண்டிச் சீனிக்காகப் போர்க் மாற்றுவது ஆய்வுக்கு அழகல்ல. தவிரவும், 8க்கு 1 ஏற்றத்தில் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுகிறார்கள் என்பதை எந்தக் கொள்கையும் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

இனி மறுப்புகள். பூட்டு வைத்த போர்க் வாங்கி, இறக்கத்தில் பூட்டிக்கொள்ளலாமே என்பது ஒன்று. பூட்டிய ஷொக் போர்க் என்பது ஒன்றரைக் கிலோ கூடிய வெறும் போர்க். அதற்கு இரண்டு தரம் காசு கொடுக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ ஷொக் வண்டிகள் குறையில்லாமல் ஓடுகின்றனவே என்பது மற்றொன்று. ஓடுகின்றன, அங்கே இறங்குவதற்கு மலை இல்லை. மூன்றாவது மறுப்பு கனமானது. காற்றும் எண்ணெயும் உள்ள நல்ல போர்க் பூட்டியவர் கல்ரோட்டில் வெறும் போர்க்காரரைவிட வேகமாகவும் பத்திரமாகவும் இறங்குவார் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட் வரை போய், அங்கிருந்து டம்பேதென்ன வழியாகச் சறுக்கி இறங்கும் உல்லாசப் பயணிக்கு அதுவே பொருந்தும். ஆனால் அப்படியான ஒரு போர்க்கின் விலைக்கு இன்னொரு முழுச் சைக்கிள் வாங்கலாம். மேலும் அது 50 மணி ஓட்டத்துக்கு ஒரு தரம் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும்படி கேட்கிறது. நாளுக்கு ஒரு மணி ஓடினால் வருடத்துக்கு ஏழு தரம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவுக்கு வரும் வறண்ட காற்று தேயிலைக்கு மணம் கொடுக்கிறது, போர்க்கின் ரப்பர் வளையத்துக்குப் புழுதி கொடுக்கிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழை அந்தப் புழுதியைச் சேறாக்கி உள்ளே அனுப்புகிறது. தேய்ந்த வளையத்துக்கு அளவு பார்த்து மாற்று வளையம் தோட்டத்துக் கடைத்தெருவில் இராது. கொழும்பிலிருந்து வந்தாக வேண்டும்.

அப்படியானால் கை நோகாதா? நோகும். இதுவே மறுப்புகளில் நேர்மையானது. இதற்கான மருந்து போர்க்கில் இல்லை, டயரில் இருக்கிறது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப் தன் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை எடுத்தபோதே, சைக்கிளுக்கான ஷொக் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ரப்பர் கன்று இலங்கைக்கு வந்தது அதற்கும் 12 ஆண்டுகள் முன்னால், 1876இல். ஊவாவின் தாழ்ந்த பாதியான மொனராகலைப் பக்கத்தில் இன்றும் பால் வெட்டுகிறார்கள். தன் மாகாணத்திலேயே விளையும் ஷொக்கை விட்டுவிட்டு இறக்குமதி ஸ்பிரிங்குக்கு ஏங்குவது பொருளாதார நோக்கிலும் சரியாகத் தோன்றவில்லை. ஆனால் டயரைத் தட்டினால் நகம் நோகும் அளவுக்குக் காற்று அடித்தால் டன்லொப் செய்த வேலை வீண். இரண்டேகால் அங்குல அகலத்து டயரில், நடுத்தர எடையுள்ளவருக்குச் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அளவே போதும். அகன்ற டயருக்கு வண்டியின் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் முழங்கையைச் சற்று மடக்கிப் பிடிக்கவேண்டும். விறைத்த கையோடு இறங்குபவரை எந்தப் போர்க்கும் காப்பாற்றாது.

வெறும் போர்க் என்று தீர்மானித்தவர்கள் தவறுவது நீளத்தில். 26 அங்குலச் சில்லுக்கான 100 மில்லிமீற்றர் ஷொக் போர்க், தோளிலிருந்து சில்லின் அச்சு வரை சுமார் 470 மில்லிமீற்றர். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது 450க்கு இறங்கும். ஷொக் வண்டிக்கென்றே நீட்டிச் செய்த வெறும் போர்க்குகள் 440, 450 நீளத்தில் வருகின்றன. அவற்றைத்தான் கேட்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய 400 மில்லிமீற்றர் போர்க்கை மலிவென்று பூட்டினால், 20 மில்லிமீற்றருக்கு ஒரு பாகை வீதம் வண்டி நிரந்தரமாக இரண்டரைப் பாகை மூக்குக் குத்தி நிற்கும். எந்தக் குற்றத்துக்காக ஷொக்கைக் கழற்றினோமோ, அது பிரேக் பிடிக்காமலே நடந்துகொண்டிருக்கும். மேலே ஹேண்டிலுக்குப் போகும் குழாய், புரி வெட்டாததாக, 28.6 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் அண்மைக்கால மலிவு வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். அடியில் அகன்று வரும் குழாய் அவற்றில் நுழையாது. டிஸ்க் பிரேக் வண்டியானால் இடது காலில் அதற்கான காது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயை அறுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி: தலைப்பகுதி, வளையங்கள், ஹேண்டில் பிடி அனைத்தையும் அடுக்கி அளந்து, ஒரு விரல் தடிப்பு கூட விட்டு அறுக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது மானப் பிரச்சினை. பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தும்போது 'எங்கடா ஷொக்?' என்று கேட்கப்படும் என்பதும், அதற்கு 44க்கு 1, ஐந்தரைக்கு 1 என்று விளக்கம் சொல்ல அவகாசம் கிடைக்காது என்பதும் வெறும் போர்க் கொள்கையின் மெய்யான பலவீனங்கள். இவற்றை இயந்திரவியலால் தீர்க்க முடியாது. ஆனால் ஷொக் போர்க்கின் கால்களைப் புழுதியிலிருந்து காக்க மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் உறை விற்கிறார்கள். அது வெறும் போர்க்கின் காலிலும் நன்றாகவே ஏறும். ஏறிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. யாராவது ஹேண்டிலை அமுக்கிப் பார்த்தால், நல்ல போர்க் அப்படி இலேசில் அமுங்காது என்று சொல்லிக்கொள்ளலாம்.