யுஎஸ்ஏ எண்ணெய்

சரக்கில் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்றிருந்தால் அது உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்பது பம்பாயின் பழைய கிண்டல். பிரிவினையில் வந்த சிந்திகள் ராணுவ முகாமில் எழுப்பிய ஊர் அது. அங்கிருந்து தாராவிக்கு வந்த லாவண்டர் எண்ணெய்க் குப்பியில் 'நூறு சதவீதம் சுத்தம்' என்று எழுதியிருக்கிறது. சுத்தமென்றால்தான் வம்பே, அப்படியே தோலில் பூசக்கூடாது. 5 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு போதும். கலந்ததையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பார்க்கணும்.

"இயற்கைதானேக்கா, ஒண்ணும் செய்யாது" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. சலவைத் துணிக்குக் குறிபோடும் சேராங்கொட்டையும் இயற்கைதான், தோலிலும் குறிபோடும். பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு சயான் பிளாட்பார வெயிலில் அம்பர்நாத் லோக்கலுக்கு நின்றால் கன்னம் வெந்து கறுக்கலாம். கறுப்பைப் போக்கவும் குப்பி இருக்கிறது, அதே கடையில்.