நாற்பது சதுரம்: வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுதலின் கணித அடிப்படைகள்

வீட்டின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுதல் என்பது, பரப்பளவு, விகிதம், தோராயம், நிகழ்தகவு ஆகிய கணிதப் பிரிவுகள் நான்கும் ஒரே வாரத்தில் ஒரே வாசலில் கூடி ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும் நிகழ்ச்சியாகும். பள்ளியில் படிக்கும் கணக்கு எங்கே உதவும் என்று கேட்ட மாணவர்களுக்கு ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவரைத்தான் காட்டிவந்திருக்கிறார்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரட்டித்து, உயரத்தால் பெருக்கி, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று மீண்டும் பெருக்கினால் செலவு வந்துவிடும் என்பது பாடநூல் மரபு. பாடநூலின் வீட்டுக்குச் சன்ஷேடு இல்லை, மாடிப்படி இல்லை, சன்னல்கூடப் பெரும்பாலும் இல்லை; அதில் எவரும் குடியிருந்ததற்கான சான்றும் இல்லை. எனவே இவ்வாய்வு, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவரில் ஈரம் வற்றியதற்கும் போகிக்கும் இடைப்பட்ட சில வாரங்களில், அதாவது எல்லா வீடுகளும் ஒரே பெயிண்டரைத் தேடும் காலத்தில், வண்ணத்துக்குக் காத்து நிற்கும் இரண்டு தளக் கான்கிரீட் வீட்டை மட்டுமே தன் எல்லையாகக் கொள்கிறது.

இத்துறையில் இரு மரபுகள் உண்டு. முதலாவது டேப் மரபு: வீட்டு உரிமையாளர், மனைவியையோ மகனையோ டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் செய்து, அங்குலம்வரை அளந்து, பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வது. இரண்டாவது கண் மரபு: பெயிண்டர் கேட்டருகே நின்று, தலையை ஒருமுறை உயர்த்தி, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் நான்கு எட்டு வைத்துத் திரும்பி வந்து, "நாப்பது சதுரம் வரும் சார்" என்று சொல்வது. சதுரம் என்பது கட்டட வேலையில் வழங்கும் அலகு. ஒரு சதுரம் 100 சதுர அடிக்குச் சமம். உரிமையாளர்கள் இரண்டாம் மரபை ஐயத்துடனேயே நோக்குகின்றனர். அந்த ஐயம் நியாயமானதா என்பதைச் சோதிக்க, 30 அடி அகலமும் 40 அடி நீளமும் கொண்ட ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வீட்டின் சுற்றளவு 140 அடி. தளத்துக்குப் பத்தடியாக இரு தளங்களும், அவற்றின்மேல் மூன்றடிக் கைப்பிடிச்சுவரும் சேர்ந்து உயரம் 23 அடி ஆவதால், வெளிப்பரப்பு 3,220 சதுர அடி. கைப்பிடிச்சுவரின் உட்புறமும் வெயிலையும் மழையையும் காண்பதால் அது வெளிச்சுவரே ஆகும் என்பதில் இரு மரபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை, அது 420. பத்து சன்னல்களுக்கும் இரண்டு கதவுகளுக்குமாக 209 சதுர அடியைக் கழித்தால் 3,431 மிஞ்சும். டேப் மரபினர் வழக்கமாக இவ்விடத்தில் கணக்கை முடித்து, பெயிண்டர் ஐந்தரைச் சதுரத்துக்கு மேல் கூட்டிச் சொல்லிவிட்டார் என்ற முடிவுக்கு வந்து, அன்று மாலையே அதை உறவினர்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தும் விடுகின்றனர். ஆனால் ஒரு சன்ஷேடு ஐந்தடி அகலமும் இரண்டடி நீட்டமும் உடையதென்றால், மேற்புறம், அடிப்புறம், விளிம்புகள் என அது ஏறத்தாழ 22 சதுர அடியை விழுங்கும். பன்னிரண்டு சன்ஷேடுகளுக்கு 264. மொட்டை மாடியில் படிக்கட்டை மூடி நிற்கும் அறையின் புறச்சுவர்கள், கதவு நீங்கலாக, 268. சன்னல் சட்டத்துக்கும் சுவரின் முகத்துக்கும் இடைப்பட்ட நான்கு அங்குலப் பக்கவாட்டுப் பகுதி பத்து சன்னல்களுக்கும் சேர்த்து 53. கூட்டுத்தொகை 4,016 சதுர அடி. நான்கு எட்டில் பெயிண்டர் கண்ட விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு அரை பங்கைக்கூட எட்டவில்லை.

வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்லும் கலை தமிழ்க் கணித மரபுக்குப் புதிதன்று. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் வழியைக் கூறுகிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பெயிண்டர்கள் இந்நூலைப் பயின்றவர்கள் என்று கொள்ள ஆதாரமில்லை. எனினும் கேட்டின் உயரம், கிரில்லின் வேலைப்பாடு, வாசலில் நிற்கும் வண்டி ஆகியவற்றை எண்ணி, ஏதோ ஒரு மாறிலியால் பெருக்கி, உரிமையாளர் எவ்வளவு கூலிக்கு இசைவார் என்பதை அவர்கள் கண்டறியும் முறை இதே பள்ளியைச் சேர்ந்தது.

டேப் மரபின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட் அடிக்கையில், சுவரின் தன்மையைப் பொறுத்து 40 முதல் 60 சதுர அடிவரை வரும் என்பது கடைகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேற்படி வீட்டுக்கு 40 என்று கொண்டால் 100 லிட்டர் வேண்டும். 60 என்று கொண்டால் 67 லிட்டர் போதும். சுவரை அங்குலம்வரை அளந்து, இறுதியில் இப்படியொரு எண்ணால் வகுப்பவர், அளப்பதில் காட்டிய துல்லியம் முழுவதையும் வகுக்கும்போது இழந்துவிடுகிறார். ஒரு கணக்கின் நம்பகம் அதிலுள்ள மிகத் தளர்ந்த எண்ணின் நம்பகத்தைத் தாண்டாது என்பது பிழைக் கோட்பாட்டின் முதற்பாடம். கண் மரபு அப்பாடத்தைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறது: கணக்குக்கு எவ்வளவு துல்லியம் தகுமோ அவ்வளவே அது செலவிடுகிறது, மிச்சமாகும் நேரத்தில் தேநீர் அருந்துகிறது.

சுவரின் பரப்பு உறுதியான ஓர் எண்தானா என்பதே ஐயத்துக்குரியது. பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை 1967இல் எழுப்பிய கணித அறிஞர் மாண்டல்பிராட், லூயிஸ் ரிச்சர்ட்சன் முன்பே கண்டிருந்ததைப் பின்பற்றி, அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்று காட்டினார். சொரசொரப்பாகப் பூசி விடப்பட்ட சுவரும் இவ்வகையினதே. டேப் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குத் தாவிவிடுகிறது; பிரஷின் மயிரோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே உரிமையாளரும் பெயிண்டரும் வெவ்வேறு அளவுகோல்களால் ஒரே சுவரை அளந்து, வெவ்வேறு விடைகளைப் பெற்று, இருவருமே உண்மை பேசுபவர்களாக இருக்க முடியும். பட்டி பார்த்தல், அதாவது மாவுபோன்ற நிரப்புபொருளால் சுவரை வழவழப்பாக்குதல், கணித நோக்கில் இந்தச் சச்சரவைக் குறைக்கும் முயற்சியே.

சன்னலைக் கழிப்பதா கூடாதா என்ற சச்சரவில் அரசே தலையிட்டுள்ளது. கட்டட வேலைகளை அளக்கும் முறைகளை வகுக்கும் இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 1200, அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளைக் கழிக்கவே வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர்வரை உள்ளவற்றை, சுவரின் இரு முகங்களிலும் ஒரே வேலை நடக்குமானால், ஒரு முகத்தில் மட்டும் கழித்தால் போதும், மறுமுகத்தின் கழிவு பக்கவாட்டுப் பகுதிகளுக்கு ஈடாகிவிடும் என்கிறது. சன்னலுக்குக் கழிக்கவில்லை என்று உரிமையாளர் குரல் உயர்த்தும்போது, 'அது சைடுக்குச் சரியாப் போயிடும் சார்' என்று பெயிண்டர் கூறும் விடை, மேற்கண்ட விதியின் சுருக்கமான, பெரிதும் பிழையற்ற வடிவமாகும்.

வண்ணத்தின் தடிமனைப் பொறுத்தவரை, இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட முடிவொன்று, பெயிண்டர்களிடையே பரவாமல் இருப்பது ஒருவகையில் நல்லதே. ஒரு குறிப்பிட்ட வளைகோட்டை அச்சின்மீது சுழற்றினால் கிடைக்கும் முடிவற்ற எக்காளத்தின் கொள்ளளவு வரம்புள்ளது, ஏறத்தாழ 3.14 கன அலகு. ஆனால் அதன் மேற்பரப்போ எல்லையற்றது. அதாவது அதனுள் பெயிண்டை ஊற்றி நிரப்பிவிடலாம், பூசி மட்டும் முடிக்க முடியாது. பூச்சுக்குத் தடிமன் உண்டு என்று ஒப்புக்கொண்டவுடன் முரண் கரைந்துவிடுகிறது, ஏனெனில் எக்காளத்தின் குழல் ஓரிடத்துக்கு அப்பால் பூச்சின் தடிமனைவிட மெலிந்துவிடும். மாதிரி வீட்டில், லிட்டருக்கு 40க்கும் 60க்கும் நடுவான 50 சதுர அடி என்று கொண்டால் வேண்டிவரும் 80 லிட்டரை 4,016 சதுர அடியில் பரப்பினால் ஈரப் பூச்சின் தடிமன், இரு கோட்டும் சேர்ந்து, 0.21 மில்லிமீட்டர்; நீர் ஆவியான பின் அதில் பாதிக்கும் குறைவே நிற்கும். ஒரு குடும்பத்தின் பொங்கல் பெருமை முழுவதும் இந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டரின் மீது நிற்கிறது.

இங்கேதான் எதிர்விகிதம் தன் முழு வலிமையையும் காட்டுகிறது. தண்ணீர் கூடினால் பரப்பு கூடும், தடிமன் குறையும். வாளியில் இருந்த திடப்பொருள் மாறாது. பெயிண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்ட கான்ட்ராக்டில் கலவை நீர்க்கும். கூலிக்கு மட்டும் பேசப்பட்ட லேபர் கான்ட்ராக்டில், வாளிகளை உரிமையாளர் வாங்கித் தருவதால், கலவை கெட்டியாகும். சுண்ணாம்பில் நீலம் கலந்து மட்டையால் வெள்ளையடித்த காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. சுண்ணாம்பில் தண்ணீரைக் கூட்டி மிச்சம் பிடிக்க எவரும் மெனக்கெடவில்லை.

ஏணியைப் பொறுத்தவரை, நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற விகிதத்தில் அதன் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது பாதுகாப்பு எனப்படும். 20 அடி உயரத்துக்கு ஐந்தடி தள்ளினால், பித்தாகரஸ் தேற்றப்படி ஏணியின் நீளம் 20 அடி 7 அங்குலம். தமிழில் போதையனார் பெயரால் வழங்கிவரும் வாய்பாடு வர்க்கமூலமே வேண்டாத எளிமை உடையது: நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறுகிய பக்கத்தின் பாதியைக் கூட்ட வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் அது ஐந்து என்ற சரியான விடையையே தருகிறது. ஆனால் பாதுகாப்பு விகிதமான நான்குக்கு ஒன்றில், கழிக்கும் எட்டில் ஒரு பங்கும் கூட்டும் பாதியும் எப்போதும் சமமாகிவிடுவதால், சாய்த்து வைத்த ஏணியின் நீளம் சுவரின் உயரமே என்று வாய்பாடு அறிவிக்கிறது. வாய்பாட்டை நம்பி ஏணி செய்தவர் மேல்விளிம்பை எட்ட, ஏணியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டிவரும். நடைமுறையில் பெயிண்டர்கள் இரு தரப்பையும் கேளாமல் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டிவிடுகின்றனர்.

ஆளுக்கும் நாளுக்கும் உள்ள தொடர்பு பாடநூலில் கண்டிப்பான எதிர்விகிதம்: நான்கு பேர் எட்டு நாளில் முடிப்பதை எட்டு பேர் நான்கு நாளில் முடிப்பர். ஆனால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுவர் காய வேண்டிய சில மணி நேரம் ஆள்கணக்கை மதிப்பதில்லை. நாற்பது பேரை நிறுத்தினாலும் அந்நேரத்தில் நாற்பது பேரும் காத்துத்தான் இருப்பர், தேநீர்ச் செலவு மட்டுமே நேர்விகிதத்தில் உயரும். வண்ணத் தேர்வோ இதைவிட நீண்டது. ஷேட் கார்டில் ஆயிரம் வண்ணங்கள் இருந்தால், சுவருக்கு ஒன்றும் பார்டருக்கு வேறொன்றுமாகத் தேர்ந்தெடுக்க 9,99,000 வழிகள் உண்டு. நிமிடத்துக்கு ஒன்றாகப் பார்த்தாலும் இரவு பகலாக 693 நாட்களுக்கு மேல் ஆகும். எந்த வரைபடத்தையும், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி, நான்கு நிறங்களால் தீட்டிவிடலாம் என்று 1852இல் கத்ரி ஊகித்ததை அப்பெலும் ஹாக்கனும் 1976இல் கணினியின் துணையோடு நிறுவினர். ஒரே வரிசையில் வீடுகள் நிற்கும் தெருவுக்கு இரண்டே போதும். பெரும்பாலான குடும்பங்கள் இறுதியில் சந்தன நிறத்துக்கே வந்து சேர்வதால், பல தெருக்கள் ஒன்றிலேயே சமாளித்துவிடுகின்றன.

எஞ்சுவது வாளிகளின் எண்ணிக்கை. பெயிண்ட் 1, 4, 10, 20 லிட்டர்களில் கிடைக்கிறது. 80 லிட்டர் என்பது நான்கு பெரிய வாளிகள் என முழு எண்ணாக அமைவதைக் கண்டு உரிமையாளர் மகிழும் வேளையில், பெயிண்டர் ஐந்தாவது வாளி ஒன்றைக் கேட்பார். பின்னால் வாங்கினால் ஷேடு மாறும் என்ற காரணம் ஏற்கத்தக்கதே; தனித்தனியே கலக்கப்பட்ட வாளிகளுக்கிடையே நிறம் சிறிது வேறுபடுவதுண்டு. ஆயினும் இந்தியாவில் விற்கும் பல பெயிண்ட் வாளிகளுக்குள் பெயிண்டருக்கெனப் பணமதிப்புள்ள டோக்கன் ஒன்று வைக்கப்படுவதையும், வாளி கூடினால் டோக்கனும் கூடும் என்பதையும், ஆய்வாளர் தம் சமன்பாட்டில் ஒரு மறைமாறியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதையறிந்த சில உரிமையாளர்கள் வாளியைத் தாமே திறந்து டோக்கனை எடுத்து வைத்துக்கொள்கின்றனர். அவ்வாறு செய்தவர் அடுத்த முறை அதே பெயிண்டரை அழைக்கும்போது சதுர அடிக் கூலி சற்று உயர்ந்திருக்கும். உயர்வை நாற்பது சதுரத்தால் பெருக்கிப் பார்த்தால், வருவது ஐந்து டோக்கன்களின் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான தொகை.